பல்கலைக்கழக லேபில் ஆராய்ச்சி வேலை: முதல்முறை தேடுகிறவர்களுக்கு

எம்எஸ்சியோ எம்டெக்கோ முடித்த கையோடு பலரும் செய்வது, ஒரு வேலைவாய்ப்புத் தளத்தில் 'ரிசர்ச்' என்று தட்டிப் பார்ப்பது. வந்து விழுவதெல்லாம் மார்க்கெட் ரிசர்ச்தான். பல்கலைக்கழகங்களிலும் ஐஐடிகளிலும் இருக்கும் ஆராய்ச்சி வேலைகள் பெரும்பாலும் அங்கே வருவதில்லை. ஏதோ ஒரு பல்கலைக்கழக இணையதளத்தின் மூலையில், கொஞ்சம் கோணலாக ஸ்கேன் செய்த ஒற்றைப் பக்க பிடிஎஃபாகக் கிடக்கும். காலியிடம் ஒன்று. கடைசித் தேதி இன்னும் பத்துப் பதினைந்து நாளில். தேதி கடந்ததும் அடுத்தடுத்து வரும் அறிவிப்புகளுக்கு அடியில் போய்விடும்.

ஏன் இப்படி என்று புரிந்துவிட்டால் தேடும் விதமே மாறிவிடும். இந்த வேலையைப் பல்கலைக்கழகம் உருவாக்குவதில்லை. ஒரு பேராசிரியர் ஆய்வுத் திட்டம் ஒன்றை எழுதி டிஎஸ்டி (மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை), டிபிடி, ஐசிஎம்ஆர், டிஆர்டிஓ, இஸ்ரோ மாதிரி ஆராய்ச்சிக்கு நிதி கொடுக்கும் ஏதோ ஓர் அமைப்புக்கு அனுப்புகிறார். முன்பு செர்ப் என்று ஒன்று இருந்தது. 2024 முதல் அதன் வேலையை ஏஎன்ஆர்எஃப் எடுத்துக்கொண்டுவிட்டது. ஒப்புதல் கிடைத்தால் பணம் வரும். கருவிக்கு இவ்வளவு, கெமிக்கலுக்கு இவ்வளவு, பயணத்துக்கு இவ்வளவு, ஆளுக்கு இவ்வளவு என்று தலைப்பு பிரித்துத்தான் வரும். அந்த 'ஆளுக்கு' என்கிற வரிதான் உங்கள் வேலை. பெரும்பாலான திட்டங்களுக்கு ஆயுள் மூன்று வருடம். திட்டம் முடிந்தால் வேலையும் முடிந்தது. திட்டத்தின் சொந்தக்காரரான பேராசிரியரை பிஐ என்பார்கள். உங்களை எடுப்பது, வேலை வாங்குவது, சம்பள பில்லில் கையெழுத்துப் போடுவது எல்லாம் அவர்தான்.

ஆக, தேட வேண்டியது பணம் வந்திருக்கிற பிஐயை. காலியிட அறிவிப்பு அவர் பின்னால் வருகிற சங்கதி.

முதலில் பதவிப் பெயர்கள்

புதிதாக வருகிறவர்கள் அதிகம் குழம்புவது ஜேஆர்எஃப் (ஜூனியர் ரிசர்ச் ஃபெலோ) என்ற சொல்லில். அதில் இரண்டு வகை. அறிவியல் பாடங்களுக்கான தேசியத் தகுதித் தேர்வான சிஎஸ்ஐஆர் நெட்டில் ஜேஆர்எஃப் தேறினால் கிடைக்கும் உதவித்தொகை உங்கள் சொந்தச் சொத்து. பிஎச்டிக்கு எந்தப் பல்கலைக்கழகத்தில் சேர்கிறீர்களோ அங்கே அதைக் கொண்டு போகலாம். ப்ராஜெக்ட் ஜேஆர்எஃப் என்பது ஒரு திட்டத்தில் உள்ள இருக்கை. எழுந்து போனால் இருக்கை அங்கேயே இருக்கும், உங்களோடு வராது. தொகை பெரும்பாலும் ஒன்றுதான். டிஎஸ்டி 2023இல் திருத்திய கணக்குப்படி ஜேஆர்எஃப்புக்கு மாதம் 37,000 ரூபாய், இரண்டு வருட அனுபவத்துக்குப் பின் எஸ்ஆர்எஃப் (சீனியர் ரிசர்ச் ஃபெலோ) ஆனால் 42,000, பிஎச்டி முடித்த ரிசர்ச் அசோசியேட்டுக்கு 58,000 முதல் 67,000 வரை. வீட்டு வாடகைப்படி தனி. ஊரைப் பொறுத்து அது மாறும். சென்னைக்குக் கூடுதல், சின்ன ஊருக்குக் குறைவு. ஹாஸ்டல் கொடுத்துவிட்டால் வாடகைப்படி கிடையாது.

நெட் தேர்ச்சியோ, எம்டெக் சேர்க்கைக்கு எழுதும் கேட் தேர்ச்சியோ இல்லையென்றால் ப்ராஜெக்ட் ஜேஆர்எஃப் கிடைப்பது கடினம். அப்படிப்பட்டவர்களுக்கு ப்ராஜெக்ட் அசோசியேட் என்ற பதவி இருக்கிறது. அதிலும் நெட், கேட் இருந்தால் ஒரு தொகை, இல்லாவிட்டால் அதைவிடச் சில ஆயிரம் குறைவாக இன்னொரு தொகை என்று அறிவிப்பிலேயே இரண்டையும் போட்டிருப்பார்கள். வயது வரம்பும் தளர்வு. ஜேஆர்எஃப்புக்கு வழக்கமாக 28, ப்ராஜெக்ட் அசோசியேட்டுக்கு 35. பெண்களுக்கும் இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கும் சலுகை உண்டு. பிஇ முடித்தவர்களும் இந்தப் பதவிக்கு வரலாம். டிப்ளமோ, பிஎஸ்சி படித்தவர்களுக்கு ப்ராஜெக்ட் அசிஸ்டென்ட், டெக்னீஷியன், ஃபீல்டு அசிஸ்டென்ட் என்று வேறு பெயர்கள்.

என் கருத்தைக் கேட்டால், பொறியியல் படித்தவர்கள் கேட் எழுதிவிடுவது நல்லது. மதிப்பெண் மூன்று வருடத்துக்குச் செல்லும். ரேங்க் சுமாராக வந்து எம்டெக் சீட் கிடைக்காமல் போனால்கூட, தகுதி மதிப்பெண்ணைத் தாண்டியிருந்தாலே ப்ராஜெக்ட் வேலைகளில் அது கதவைத் திறக்கும். இதற்குப் பயன்படும் என்று தெரியாமலே கேட் மதிப்பெண் அட்டையை அலமாரியில் வைத்திருப்பவர்கள் எத்தனையோ பேர்.

அறிவிப்பு எங்கே வரும்

ஐஐடிகளில் நிரந்தரப் பணியாளர்களுக்கான வேலைவாய்ப்புப் பக்கத்தில் தேடிவிட்டு 'ஒன்றும் இல்லை' என்று திரும்பி வந்துவிடுகிறார்கள். ப்ராஜெக்ட் வேலைகளைக் கவனிப்பது வேறு அலுவலகம். ஐஐடி மெட்ராஸில் அதன் பெயர் ஐசிஎஸ்ஆர். டெல்லியில் ஐஆர்டி, பம்பாயில் ஐஆர்சிசி, கரக்பூரில் ஸ்ரிக். பெயர்தான் வேறு, வேலை ஒன்று: வெளியிலிருந்து வரும் ஆராய்ச்சிப் பணத்தை நிர்வகிப்பது. அந்த அலுவலகத்தின் பக்கத்தைப் புக்மார்க் செய்து வைத்துக்கொள்ளுங்கள். பெங்களூரு ஐஐஎஸ்சியிலும், ஐசர் என்ற மத்திய அறிவியல் கல்வி நிறுவனங்களிலும் பல பிஐக்கள் அறிவிப்பைத் தங்கள் லேபின் சொந்தப் பக்கத்தில் 'சேர விரும்புவோர்' என்ற தலைப்பில் போட்டுவிட்டு அதோடு விட்டுவிடுவார்கள்.

அண்ணா பல்கலைக்கழகம், சென்னைப் பல்கலைக்கழகம், மதுரை காமராஜர், பாரதிதாசன், பாரதியார், அழகப்பா, புதுச்சேரி என்று எல்லாவற்றிலும் முகப்புப் பக்கத்திலேயே சுற்றறிக்கை, டெண்டர், ப்ராஜெக்ட் அறிவிப்பு எல்லாம் ஒன்றாகக் கலந்து ஓடும். பொறுமையாகத்தான் பார்க்க வேண்டும். கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்துக்கு ஒரு தனிக் குறிப்பு: அங்கே வாக்-இன் இன்டர்வியூ அதிகம். அறிவிப்பு தலைமை இணையதளத்தில் இருந்தாலும் நேர்முகம் ஆடுதுறையிலோ கிள்ளிகுளத்திலோ இருக்கலாம். இடத்தைப் படிக்காமல் கோவைக்கு பஸ் ஏறிவிடாதீர்கள்.

பல்கலைக்கழகத்தோடு நிற்க வேண்டும் என்றும் இல்லை. காரைக்குடி செக்ரி, அடையாறு சிஎல்ஆர்ஐ, தரமணி எஸ்இஆர்சி போன்ற மத்திய அரசின் சிஎஸ்ஐஆர் ஆய்வகங்களிலும் இதே பதவிகள், ஏறக்குறைய இதே விதிகள். உயிரியல்காரர்களுக்கு இந்தியா பயோசயன்ஸ் தளத்தின் வேலைப் பக்கம் நல்ல இடம். சிதறிக் கிடப்பதை ஓரளவு ஒரே இடத்தில் பார்க்கலாம்.

டெலிகிராம் குழுக்கள் இருக்கின்றன. தகவலுக்கு வைத்துக்கொள்ளலாம். ஆனால் அங்கே வரும் பிடிஎஃபை மட்டும் நம்பிப் பணம் கட்டாதீர்கள். ஏசி.இன், ரெஸ்.இன், கவ்.இன் என்று முடியும் நிறுவனத் தளத்தில் அதே அறிவிப்பு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த வேலை. ப்ராஜெக்ட் இடம் வாங்கித் தருகிறேன், பதிவுக் கட்டணம் அனுப்பு என்று யாராவது சொன்னால் அது ஏமாற்று.

பணம் இருக்கும் லேபைக் கண்டுபிடிப்பது

யாரும் சொல்லித் தராத பகுதி இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

உங்கள் துறையில் கடந்த இரண்டு வருடத்தில் வந்த ஆய்வுக் கட்டுரைகளை எடுங்கள். கூகுள் ஸ்காலர் போதும். முடிவுரைக்குப் பிறகு, மேற்கோள் பட்டியலுக்கு முன்னால், நன்றியுரை என்று நாலு வரி இருக்கும். யாரும் படிக்காத அந்த நாலு வரியில்தான் பணம் யார் கொடுத்தது என்று எழுதியிருக்கும். செர்ப் திட்டம் என்றால் சிஆர்ஜி என்று தொடங்கி, சாய்கோடு போட்டு 2022 என்று ஆண்டு, அப்புறம் ஒரு நீண்ட எண். அந்த ஆண்டை வைத்துத் தோராயமாகக் கணக்குப் போடலாம். கோப்பு தொடங்கிய ஆண்டு 2022 என்றால் பணம் அதற்குச் சில மாதம் கழித்து வந்திருக்கும். அதிலிருந்து மூன்று வருடம். 2018 என்று இருந்தால் அந்தத் திட்டம் முடிந்திருக்கும். அவரிடம் புதிதாக ஏதாவது வந்திருக்கிறதா என்று வேறு இடத்தில் பார்க்க வேண்டும்.

அந்த வேறு இடங்களில் ஒன்று கல்லூரிகள் நாக் என்ற தர மதிப்பீட்டு அமைப்பின் அங்கீகாரத்துக்காகத் தயாரிக்கும் அறிக்கை. அதன் மூன்றாவது பிரிவு ஆராய்ச்சி பற்றியது. எந்த ஆசிரியருக்கு, எந்த அமைப்பிலிருந்து, எந்த ஆண்டில், எத்தனை லட்சம் என்று அட்டவணையே போட்டிருப்பார்கள். கல்லூரி இணையதளத்தில் திறந்தே கிடக்கும். தன்னாட்சிக் கல்லூரி ஒன்றில் கடல்வாழ் பாசி பற்றி நல்ல நிதியோடு ஒருவர் வேலை செய்கிறார் என்பதெல்லாம் இப்படிப் பார்த்தால்தான் தெரியவரும். பெரிய பெயர்கொண்ட நிறுவனங்களில் ஒரு இடத்துக்கு நூறு பேர் விண்ணப்பிக்கும்போது, இப்படிப்பட்ட இடங்களில் தகுதியான ஆள் கிடைக்காமல் மறுபடியும் விளம்பரம் செய்வதும் நடக்கிறது.

இன்னொரு வழி ஷோத்கங்கா. பிஎச்டி ஆய்வேடுகளைச் சேர்த்து வைத்திருக்கும் தளம். ஒரு பேராசிரியரிடம் எத்தனை பேர் முடித்திருக்கிறார்கள் என்று அதில் பார்க்கலாம். பிஎச்டி எண்ணமும் இருந்தால் இது ரொம்ப முக்கியம். பதினைந்து வருடமாக வழிகாட்டியாக இருக்கிறார், ஆனால் முடித்தவர் ஒருவர் என்றால் ஏன் என்று விசாரிக்க வேண்டும்.

இப்படித் தேடி ஒரு இருபது பேர் கொண்ட பட்டியல் போடுங்கள். ஒரு எக்செல் ஷீட் போதும். பெயர், லேப், நிதி கொடுத்த அமைப்பு, ஆண்டு, படித்த கட்டுரை, மெயில் அனுப்பிய தேதி.

மெயில்

நான் முதல் மாதம் நாற்பது மெயில் அனுப்பினேன். எல்லாம் ஒரே மெயில், மேலே பெயர் மட்டும் மாறும். பதில் வந்தது இரண்டு. அதில் ஒன்று, 'நீங்கள் பாராட்டியிருக்கும் கட்டுரையை நான் எழுதவில்லை. அதே பெயர், அதே இனிஷியல் கொண்ட வேறொருவர் எழுதியது.' தமிழ்ப் பெயர்களுக்கு இது சகஜம். ஒரே இனிஷியலும் ஒரே பெயரும் கொண்ட மூன்று பேராசிரியர்கள் ஒரே துறையில் இருப்பார்கள். கட்டுரையில் நிறுவன முகவரியைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

மெயில் பத்து வரிக்கு மேல் போகக் கூடாது. தலைப்பில் உங்கள் படிப்பும் தகுதித் தேர்வும் இருக்கட்டும். 'எம்எஸ்சி இயற்பியல், கேட் தேர்ச்சி, ப்ராஜெக்ட் இடம் குறித்து' என்கிற மாதிரி. முதல் இரண்டு வரியில் நீங்கள் யார். அடுத்த மூன்று வரியில் அவருடைய எந்த வேலையைப் படித்தீர்கள், அதில் உங்கள் கையில் இருக்கும் எந்தத் திறமை உதவும். பாராட்டு வேண்டாம். 'தங்கள் கட்டுரையில் மெல்லிய படலங்களை ஸ்பின் கோட்டிங் முறையில் செய்திருக்கிறீர்கள்; என் எம்எஸ்சி ப்ராஜெக்டில் ஆறு மாதம் அதைச் செய்திருக்கிறேன்' என்பது போதும். அப்புறம் எப்போது சேர முடியும் என்று ஒரு வரி. ரெஸ்யூமே இரண்டு பக்கத்துக்குள், பிடிஎஃபாக, உங்கள் பெயரையே கோப்புப் பெயராக வைத்து. 'ரெஸ்யூமே ஃபைனல் நியூ 3' என்று இருந்தால் அவர் டெஸ்க்டாப்பில் தொலைந்துவிடும். பெண் பேராசிரியருக்கு 'மரியாதைக்குரிய ஐயா' என்று போகிற மெயில்கள் எத்தனை என்று அவர்களிடம் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள்.

பத்து நாள் கழித்து ஒரே ஒரு நினைவூட்டல். அதற்கும் பதில் இல்லையென்றால் விட்டுவிடுங்கள். 'இப்போது இடம் இல்லை, ஒரு திட்டம் பரிசீலனையில் இருக்கிறது' என்று பதில் வந்தால் அது நல்ல செய்தி. பட்டியலில் குறித்துவைத்து இரண்டு மாதம் கழித்துக் கேளுங்கள். மெயில் அனுப்பினால் நேராக வேலை கிடைத்துவிடாது. அரசு நிதி என்றால் விளம்பரம், தேர்வுக் குழு எல்லாம் இருந்தாக வேண்டும். விளம்பரம் வரப்போகிறது என்று முன்கூட்டியே தெரியும், குழுவில் உட்கார்ந்திருப்பவருக்கு உங்கள் பெயர் ஏற்கெனவே கண்ணில் பட்டிருக்கும். பயன் அவ்வளவுதான், ஆனால் அது சின்ன விஷயம் இல்லை.

இன்னும் படித்துக்கொண்டிருப்பவர்களுக்கு இதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. இந்தியாவின் மூன்று அறிவியல் அகாடமிகளும் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆய்வுத் திட்டத்தில் இரண்டு மாதம் ஒரு விஞ்ஞானியின் லேபில் வேலை செய்யலாம். ஐஐடி மெட்ராஸும் தனியாகக் கோடைக்காலத் திட்டம் நடத்துகிறது. அங்கே ஒழுங்காக வேலை செய்தவரை, பிறகு இடம் வரும்போது பேராசிரியரே கூப்பிடுவார்.

நேர்முகம்

அசல் சான்றிதழ்கள், இரண்டு செட் நகல், போட்டோ, கேட் அல்லது நெட் சான்று, ஆதார். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இனிஷியல் பின்னால், டிகிரியில் முன்னால், ஆதாரில் அப்பா பெயர் முழுதாக என்று இருந்தால் முன்பே சரிசெய்துகொள்ளுங்கள். சேரும் நாளில் அலுவலகத்தில் இதற்காக அலைய வேண்டியிருக்கும். பயணப்படி தர மாட்டார்கள், அதுவும் அறிவிப்பிலேயே இருக்கும். இப்போது பல இடங்களில் ஆன்லைனிலும் நடத்துகிறார்கள்.

கேள்விகள் பெரும்பாலும் உங்கள் ரெஸ்யூமேயிலிருந்துதான் வரும். எக்ஸ்ஆர்டி (படிக அமைப்பைப் பார்க்கும் எக்ஸ்ரே சோதனை) என்று எழுதியிருந்தால் ஒரு கிராஃபைக் காட்டி 'இந்தப் பீக் ஏன் இவ்வளவு அகலமாக இருக்கிறது' என்பார்கள். படிகத் துகள் சிறுத்தால் பீக் அகலும் என்று சொல்லத் தெரிய வேண்டும். கருவியாலும் அகலலாம் என்று சேர்த்துச் சொன்னால் குழு நிமிர்ந்து உட்காரும். வெஸ்டர்ன் பிளாட் (புரதத்தைக் கண்டறியும் சோதனை) என்று எழுதியிருந்தால் லோடிங் கன்ட்ரோல் எதற்கு என்று கேட்பார்கள். ஆன்சிஸ் மென்பொருள் தெரியும் என்றால் மெஷ்ஷை எப்படி முடிவு செய்தாய் என்பார்கள். சாம்பிளை வெளியே கொடுத்து டேட்டா வாங்கியிருந்தால் அப்படியே சொல்லிவிடுங்கள். கருவியை இயக்கியதாகச் சொல்லிவிட்டு அடுத்த கேள்வியில் மாட்டிக்கொள்வதைவிட அது எவ்வளவோ மேல். நம் கல்லூரிகளில் எல்லாக் கருவியும் இருக்காது என்று எதிரில் இருப்பவர்களுக்கும் தெரியும்.

தமிழ் வழியில் படித்தவர்கள் ஆங்கிலத்துக்காகத் தயங்க வேண்டாம். உங்கள் ப்ராஜெக்டைப் பற்றி மூன்று நிமிடம் ஆங்கிலத்தில் பேசக் கண்ணாடி முன் பத்துத் தடவை பழகுங்கள். அதற்குமேல் தடுமாறினால் 'தமிழில் சொல்லட்டுமா' என்று கேட்டுவிடலாம். உள்ளூர்ப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் தலையாட்டுவார்கள்.

சேரும் முன் கேட்க வேண்டியவை

திட்டத்தில் இன்னும் எத்தனை மாதம் மிச்சம்? மூன்று வருடத் திட்டம் என்று அறிவிப்பில் இருக்கும். ஆனால் முன்பு இருந்தவர் பாதியில் போனதால் வந்த காலியிடமாக இருந்தால் உங்களுக்கு எட்டு மாதம்தான் கிடைக்கும். முன்பு இருந்தவர் ஏன் போனார் என்பதையும் விசாரியுங்கள், பிஐயிடம் கேட்க வேண்டாம், லேபில் இருக்கும் சீனியரிடம் டீக்கடையில் கேளுங்கள்.

பிஎச்டிக்குப் பதிவு செய்யலாமா? ஐஐடிகளில் ப்ராஜெக்ட் பணியாளர்கள் எம்எஸ் ஆய்வுப் படிப்பிலோ பிஎச்டியிலோ சேர வழி உண்டு, ஆனால் அதற்குத் தனியாக விண்ணப்பித்துத் தேற வேண்டும். மற்ற இடங்களில் விதி இடத்துக்கு இடம் மாறும். 'பார்த்துக்கலாம்பா' என்ற பதிலைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எந்தப் பருவத்தில், எந்த விதியின் கீழ், திட்டம் முடிந்தபின் உதவித்தொகைக்கு என்ன வழி என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

சம்பளம் மாதாமாதம் வருமா? இதைக் கேட்கக் கூச்சப்படக் கூடாது. நிதி மொத்தமாக வராது, தவணையாக வரும். முதல் வருடக் கணக்கை முடித்து யுசி என்கிற பயன்பாட்டுச் சான்றிதழை அனுப்பினால்தான் அடுத்த தவணை. அது ஆடிட்டரிடம் தேங்கும், நிதி அலுவலகத்தில் தேங்கும், டெல்லியிலும் தேங்கும். நான் வேலை பார்த்த இடத்தில் இரண்டாவது வருடத் தொடக்கத்தில் நாலு மாதம் சம்பளம் வரவில்லை. பிறகு மொத்தமாக வந்தது, ஆனால் அந்த நாலு மாதம் ரூம் வாடகையை அண்ணன்தான் கட்டினான். மூன்று மாதச் செலவுக்காவது கையில் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். சில நல்ல பல்கலைக்கழகங்கள் தங்கள் நிதியிலிருந்து முன்பணமாகக் கொடுத்துப் பிறகு நேர்செய்துகொள்ளும். உங்கள் இடம் அப்படியா என்று அங்கே இருப்பவர்களுக்குத் தெரியும்.

பணி ஆணை கையில் வந்த பிறகுதான் இப்போதைய வேலையை விட வேண்டும். ஆணையில் 'தற்காலிகம், திட்டத்தோடு முடிவடையும், நிரந்தர வேலைக்கு உரிமை இல்லை' என்று மூன்று இடத்தில் எழுதியிருக்கும். எல்லா ஆணையிலும் அது உண்டு, பயப்பட வேண்டாம். எத்தனை நாள் முன்னறிவிப்பு கொடுத்து விலக வேண்டும் என்ற வரியைத்தான் பார்க்க வேண்டும். பெரும்பாலும் ஒரு மாதம்.

சேர்ந்த முதல் நாளிலிருந்து ஒரு லேப் நோட்டைத் தேதி போட்டு எழுதுங்கள். கட்டுரையில் உங்கள் பெயர் வருமா என்ற பேச்சு ஒரு வருடம் கழித்து வரும்போது, அந்த நோட்டை எடுத்து மேஜைமேல் வைக்கலாம்.